பத்தொன்பது இரண்டு தரம்

வீட்டுக்குள் வளர்த்த அத்திச்செடி புது இலை விட்டால், தையல்காரர் அதன் அடிப்பக்கத்தில் துணியில் கோடு போடும் நீலச் சாக்கட்டியால் எண் போடுவார். ஒருமுறை கைமறதியாக அடுத்தடுத்த இரண்டு இலைகளுக்கும் பத்தொன்பது என்றே போட்டுவிட்டார்.

"ஊருக்கெல்லாம் அளவெடுக்கிற மனுஷனுக்கு எண்ணத் தெரியலையே," என்று மனைவி வாரினாள்.

"அடுத்த இலையில ஒண்ணைத் தாண்டிப் போட்டாச் சரியாப்போச்சு," என்றார்.

அடுத்த இலை வருமுன் அவர் கண்ணை மூடிவிட்டார்.

ஏழு மாதம் செடி அசையவே இல்லை. அவள் மண்ணில் விரல் விட்டுப் பார்த்துத் தண்ணீர் ஊற்றினாள். வாரம் ஒருமுறை, வெயில் எல்லாப் பக்கமும் படும்படி தொட்டியைத் திருப்பி வைத்தாள்.

"அது இனிமே வளராதும்மா. யாருக்காவது குடுத்துட்டு எங்ககூட வந்துடு," என்றாள் மகள் போனில்.

"மாசக் கடைசி வரைக்கும் பார்க்கறேன்டி. துளிர்க்கலைன்னா குடுத்துடறேன்."

மாதம் முடிய இரண்டு நாள் இருக்கும்போது நுனியில் பழுப்பு உறை தடித்தது. மறுநாள் காலை அவள் பல்துலக்கிவிட்டு வருவதற்குள் உறை பிரிந்து, இலை பிழிந்த துணிபோலக் கசங்கி விரிந்திருந்தது. மேல்பக்கத்தை மெல்லத் துடைத்துவிட்டுத் திருப்பிப் பார்த்தாள்.

நீலச் சாக்கட்டியில், அவர் கையெழுத்தில், இருபத்தொன்று.

அவள் அடியிலிருந்து ஒவ்வொரு இலையாக எண்ணினாள். சரியாக இருந்தது. சாக்கட்டி டப்பா, அவர் போனபின் அவள் நூல் கட்டி வைத்தபடியே அலமாரியில் இருந்தது. பிறகு மகளைக் கூப்பிட்டாள்.

"நான் வரலைடி," என்றாள். "உங்கப்பா எண்ணக் கத்துக்கிட்டார்."