கதவு மோந்த கிருமி

குக்கரில் அவித்த வைக்கோலைக் காளான் பைகளில் அடைத்துக்கொண்டிருந்தார் சென்னியப்பன். போன மாதம் அத்தனை பைகளிலும் பச்சைப் பூஞ்சணம் பிடித்துவிட்டதால், யாருடைய கிருமி என்று மோந்து சொல்லும் கதவைக் காளான் அறைக்கு மாட்டியிருந்தார்.

காளான் விதையோடு வாசலில் வந்து நின்றாள் மகள் தாரிணி.

“கை சுத்தம்,” என்றது கதவு. “உதட்டில் மூன்றாவது மாடி ஆதவனின் கிருமிகள். இன்னும் சூடு ஆறவில்லை.”

தாரிணிக்குப் பயத்திலும் சிரிப்பு முட்டியது.

“அப்போ போன மாசமும் இவந்தானா, அம்மிணி?”

“ஆமாங்கப்பா.”

சென்னியப்பன் ஈர வைக்கோலை ஒரு பிழி பிழிந்தார்.

“அவனைக் குளிச்சுட்டு வரச் சொல்லு. எனக்கும் வைக்கோல் பிழிய ஆள் வேணும். குளிச்ச பொறகு நீ மட்டும் கிட்ட போயிராத.”