லிப்ட் கதவு

எங்கள் தெரு எழுத்தாளரம்மா தன் நாவல்களில் கொலை செய்வதெல்லாம் இரண்டு உலகப்போர்களுக்கு நடுவிலான காலத்தில்தான். போன நாவல் விற்காமல் அவர் வீட்டுக் கட்டிலுக்கடியில் கட்டுக்கட்டாகக் கிடப்பது ஊரறிந்த ரகசியம். புதியதும் அங்கே போய்ச் சேர்ந்தால், பதிப்பாளர் இனி கதவைத் திறக்கமாட்டாராம்.

புத்தகக் கடையில் அறிமுகக் கூட்டம். கடைசி வரிசையில் ஒரு வழுக்கைத்தலைக்காரர் எழுந்தார்.

"கதை நடக்கிறது 1927ல. அப்பல்லாம் லிப்ட் கதவைச் சாத்த ஒரு ஆள் நிப்பான். உங்க கதையில தானா சாத்திக்குது. விசாரிச்சு எழுத மாட்டீங்களா?"

"ஏன் சாத்திக்கிச்சுன்னு கடைசி அத்தியாயத்துல இருக்கு."

"சும்மா சமாளிக்காதீங்கம்மா."

"யோவ், உக்காருய்யா" என்று கூட்டம் அவரை அடக்கியது. கதவு விஷயம் மண்டையைக் குடைய, ஆளுக்கொரு பிரதியும் வாங்கியது.

எல்லாம் முடிந்து எழுத்தாளரம்மா காரில் ஏறினார். ஓட்டுநர் இருக்கையில் வழுக்கைத்தலைக்காரர்.

"இன்னிக்கு நல்லாவே கோபப்பட்டீங்க."

"பின்ன? நம்ம கட்டிலுக்கடியில பெருக்கி எத்தனை நாளாச்சு. ஆமா, கதவு ஏன்டி சாத்திக்கிச்சு?"

கட்டின புருஷன், இதுவரை ஒரு நாவலும் படித்ததில்லை. எழுத்தாளரம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"கடைசி அத்தியாயத்துல இருக்கு."

மனுஷர் இறங்கிக் கடைக்குள் போய், கோபம் குறையாத முகத்துடனேயே ஒரு பிரதி வாங்கினார்.