நாற்பது நிமிஷத் தூரம்

இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குத் தூரம் குறையக் குறைய வந்துபோவதும் குறைகிறது என்று சுடலைமுத்து திட்டுவார். டொரண்டோவிலிருந்து மதுரைக்கு ஒருநாள் முழுக்கப் பறந்த காலத்தில் மகன் இளவரசு வருஷாவருஷம் வந்து ஒரு மாசம் இருப்பான். இப்போது ராக்கெட்டில் நாற்பதே நிமிஷம். எப்போது வேண்டுமானாலும் வரலாம் என்று, அவசரம் என்றால் தவிர வராமலே இருக்கிறான்.

மனைவி பேச்சிக்கு மூச்சு இழுத்ததும் மகனுக்குப் போன் போட்டார்.

"போன மாசமும் வந்து பால் ஊத்தினேன், உசுரு போகலையேப்பா. முடிஞ்சதும் சொல்லுங்க."

ஸ்பீக்கரில் அது பேச்சி காதிலும் விழுந்தது. உதட்டை இறுக்கிக்கொண்டாள், அவர் ஊற்றிய பால் கழுத்தில் வழிந்தது.

முடிந்ததும் அவர் சொல்லவில்லை. தானே கொள்ளி வைத்தார். வைத்தவர் திரும்பிப் பார்க்கக் கூடாது. யாரோ சொல்லி ஓடிவந்த இளவரசின் குரல் பின்னால் கேட்டது: "ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நாப்பது நிமிஷத்துல வந்திருப்பேனே."

"கிழிச்சிருப்ப," என்றபடி சுடலைமுத்து நடையைக் கட்டினார்.