முறைப் பேருந்து

மேலக்கரட்டுப் பேருந்தில் ஓட்டுநர் கிடையாது. ஏறியவர்களை அதுவே எண்ணிக்கொள்ளும். ஓர் இருக்கை காலியாக இருந்தாலும் பேருந்துக்கு ஊராட்சி ஒன்றியம் தரும் நிதி நின்றுவிடும். அதனால் பஞ்சாயத்துத் தலைவர் வைரவன், வாய்க்கால் தண்ணீருக்கு வைப்பதுபோல் பேருந்துக்கும் முறை வைத்தார். ஒருநாள் ஊரில் பாதி, மறுநாள் மீதி. வேலை இல்லாவிட்டாலும் டவுன்வரை போய்த் திரும்ப வேண்டும். தவறினால் அபராதம்.

இன்று நிதியை நீட்டிக்கக் கேட்டு அவரே ஒன்றிய அலுவலகம் போக வேண்டியிருந்தது. பேருந்து வந்து நின்றது, கதவு திறக்கவில்லை.

“இடமில்லை” என்றது.

ஜன்னலோரத்தில் எதிர்வீட்டுப் பொன்னுத்தாயி கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

“தாயி, நீ இறங்கிக்க. எனக்கு அவசரம்.”

“இன்னிக்கு என் முறை தலைவரே. இறங்குனா நீங்கதான அபராதம் போடுவீங்க?”

பேருந்து போய்விட்டது. வைரவன் ஒன்றிய அதிகாரிக்குப் போன் செய்தார். “பஸ்ல இடமில்லைங்க சார். வர முடியல.”

அதிகாரிக்கு ஒரே சந்தோஷம். “அவ்வளவு கூட்டமா? அப்ப நாளையிலருந்து இன்னொரு பஸ்ஸும் விட்டுடறோம். அதுவும் நிரம்பணும், பாத்துக்கங்க.”

இன்று முறை இல்லாத பாதி ஊர் வேப்பமரத்தடியில் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தது. வைரவன் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, சத்தம் வராமல் அவர்களைக் கடந்து போனார்.