லித்தியம் போன தூரம்

திரையில் லித்தியம் அயனி ஜோராக நகர்ந்துகொண்டிருந்தது.

கெட்டியான படிகம் அது. அதற்குள் லித்தியம் இப்படி ஓடினால், தீப்பிடிக்காத பேட்டரி கைக்கு வந்த மாதிரிதான். அணுக்கள் ஒன்றையொன்று எப்படி இழுக்கும், எப்படித் தள்ளும் என்று ரெட்னோ கணினிக்கு ஒரு வருடமாகப் பழக்கியிருந்தாள். மீதியை, அயனி போகும் வழியை, அதுவே கணித்துச் சொன்னது.

ஆய்விதழில் வெளியான கட்டுரையில் முதல் பெயர் ரெட்னோ. பேராசிரியர் தியோ யாருக்கும் அந்த இடத்தை லேசில் விட்டுக்கொடுக்கிற ஆளில்லை. உழைத்தவள் பெயர்தான் முன்னால் வரவேண்டும் என்று ஆய்வகத்தில் எல்லார் முன்னாலும் சொன்னார். அன்று அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

அவளுடைய வேலை அனுமதி இந்த முடிவை நம்பித்தான் நீண்டிருக்கிறது. யோக்யகர்த்தாவிலிருந்து கூட்டி வந்த மகள் லாரஸ், இப்போதுதான் சிங்கப்பூர்ப் பள்ளியில் ஒட்டியிருக்கிறாள்.

இன்று பணம் போடும் நிறுவனத்துக்காரர்கள் வந்திருந்தார்கள். பக்கத்து அறையில் பாண்டான் கேக் தயார்.

அவர்களுக்குக் காட்டப் படம் அழகாக இருக்கட்டுமே என்று, லித்தியத்தைச் சுற்றியிருந்த கந்தக அணுக்களின் பாதையையும் சேர்த்து வரைந்தாள்.

யா அல்லாஹ்.

கந்தகமும் அதே திசையில், அதே தூரம் போயிருந்தது.

அது நகரவே கூடாது. லித்தியத்தை அடைத்துவைத்திருக்கும் கூண்டே அதுதான்.

படிகம் மிதந்து போகாமல் பிடித்துவைக்க நிரலில் ஒரு வரி எழுத வேண்டும். அந்தப் பாழாய்ப்போன வரியை அவள் எழுதவில்லை. மொத்தப் படிகமும் மெல்ல நகர்ந்திருக்கிறது. பேருந்தில் உட்கார்ந்து தூங்குகிறவனைப் போல லித்தியம் இருந்த இடத்திலேயே இருந்திருக்கிறது.

சொன்னால் வேலை போகும், லாரஸின் பள்ளி போகும். சொல்லாவிட்டால் என்றைக்காவது ஒருவன் இதே படத்தை வரைந்து பார்ப்பான். எந்தப் பக்கம் திரும்பினாலும் அடைப்புதான்.

தியோ எட்டிப் பார்த்து, எல்லாரும் காத்திருக்கிறார்கள் என்றார்.

அவள் மனதைத் திடப்படுத்திக்கொண்டு திரையை அவர் பக்கம் திருப்பினாள்.

"லித்தியம் அசையவே இல்ல, ப்ரொஃப். மொத்தப் படிகமும்தான் நகந்திருக்கு. கட்டுரையைத் திரும்ப வாங்கிடலாம்."

அவர் திரையைப் பார்க்கவில்லை. உள்ளே வந்து கதவைச் சாத்தினார்.

"தெரியும்மா. அனுப்புறதுக்கு முன்னாடியே பார்த்துட்டேன். அதனாலதான் உன் பேரை முதல்ல போட்டேன். வா, கேக் வெட்டலாம்."