புதுப் பூட்டு

குடிவந்த மறுநாளே வாசல் பூட்டை மாற்றிவிட்ட நிம்மதியில் அவள் கணவனுக்குப் போன் செய்தாள்.

"நீங்க அனுப்பின பூட்டுக்காரர் வேலையை முடிச்சு, புதுச் சாவியை மேசை மேல வச்சுட்டுப் போயிட்டார். பழைய குடித்தனக்காரங்ககிட்ட சாவி இருந்தாலும் இனி பயமில்லைங்க."

"பூட்டுக்காரரா? அவர் நாளைக்குத்தானே வர்றேன்னார்?"

"அப்போ வந்தது யாருங்க?"

"முதல்ல உள்தாழ்ப்பாளைப் போடு!"

ஓடிப்போய்ப் போட்டாள்.

"அந்த ஆள் எப்போ கிளம்பினான்?"

"குழந்தையைத் தூங்க வச்சுட்டிருந்தேன். போனதைப் பார்க்கலையேங்க..."

போட்ட தாழ்ப்பாளை மறுபடி நீக்கினாள்.

குழந்தையை வாரியெடுத்து வெளியே வந்தாள். கதவைப் பூட்டிவிட்டு எதிர்வீட்டுக்கு ஓடினாள். அங்கிருந்த அக்கா போலீசுக்குப் போன் செய்துகொண்டிருக்கும்போது, அவள் ஜன்னல் வழியே பார்த்தாள்.

இருட்டத் தொடங்கியிருந்தது. அவள் வீட்டுக்குள் யாரோ விளக்கைப் போட்டார்கள்.