மவுஸ் மேல் ஒரு கை

"இன்னிக்கும் உங்கப்பா என் கம்ப்யூட்டர் முன்னாடிதான் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் திருதிருன்னு முழிச்சுட்டு எழுந்து போறார்."

போனில் கணவனிடம் குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

"அப்படி என்னதான் பார்க்கிறார்?"

"யாருக்குத் தெரியும்? என் மெயிலைப் படிக்கிறாரோ என்னவோ. குழந்தைக்குப் பால் கொடுக்கப் போகக் கூடாது, நைசா வந்து உட்கார்ந்துக்கறார்."

"நான் வேணா பேசட்டுமா? கொஞ்ச நாள் அக்கா வீட்ல போய் இருக்கட்டும்."

"முதல்ல ரூமைப் பூட்டிப் பார்க்கறேன்."

அவள் புத்தகங்களுக்குப் பக்கம் வடிவமைக்கிறவள். வேலையும் வீட்டில், கைக்குழந்தையும் வீட்டில். இரண்டும் சேர்ந்து அவளைச் சக்கையாகப் பிழிந்துகொண்டிருந்தன. பால் கொடுக்கும்போதே அவளும் கண்ணயர்ந்துவிடுவாள். திடுக்கிட்டு எழுந்து ஓடிவந்தால், அவள் நாற்காலியில் மாமனார்.

மனிதர் ஆலையில் பாய்லர் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். கம்ப்யூட்டரில் அவருக்கு என்ன ஜோலி?

மறுநாள் அறையைப் பூட்டினாள். மாமனார் பூட்டைப் பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தவர், கொடியில் காய்ந்த துணிகளை எடுக்கப் போய்விட்டார்.

அன்றைக்கே ஆரம்பித்தது தலைவலி. பால் கொடுத்துவிட்டு வந்தால் திரை நீலமாக நிற்கிறது. அதுவரை செய்த பக்கங்கள் போன இடம் தெரியவில்லை. குழந்தை வீறிட்டு அழும்போது சேவ் பண்ணிவிட்டா எழுந்து போக முடியும்? அடுத்த நாளும் இதே கதை.

பதிப்பாளர் பொறுமைசாலி. அவரே சொல்லிவிட்டார், "நாளைக்குள்ள வரலைன்னா வேற ஆளைத்தான் பார்க்கணும்மா."

கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் பெண் வந்தாள்.

"எங்க மாமாதான் எதையோ நோண்டி வச்சிருக்கார்" என்றாள் இவள், கூடத்தில் இருக்கிறவர் காதில் விழட்டும் என்றே.

வந்தவள் கெட்டிக்காரி. ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. எதையெதையோ திறந்து படித்தாள். பிறகு ஸ்லீப் பட்டனைத் தானே அழுத்தினாள். திரை நீலமானது.

"கிடைச்சிடுச்சு மேடம். கொஞ்ச நேரம் தொடாம விட்டா இது ஸ்லீப் மோடுக்குப் போகும் இல்லையா, போற நேரம் பார்த்து கிராஷ் ஆகுது. ஸ்கிரீனுக்கான சாஃப்ட்வேர்ல கோளாறு. யாரும் எதையும் நோண்டல."

புதியதை ஏற்றினாள். மறுபடி ஸ்லீப்பில் போட்டு எழுப்பிக் காட்டினாள். திறந்து வைத்த பக்கம் திறந்தபடியே இருந்தது. அலட்டலே இல்லாத வேலை, பார்க்கவே நிறைவாக இருந்தது.

"ஒண்ணுதான் புரியல. இந்தக் கோளாறு ரொம்ப நாளா இருக்கு, ஏதோ அப்டேட்டோட வந்தது. இத்தனை நாள் எப்படி சமாளிச்சீங்க?"

"இந்த வாரம்தானே ஆரம்பிச்சுது?"

"வாய்ப்பே இல்லையே. நீங்க எழுந்து போறப்பல்லாம் யாராவது உட்கார்ந்து மவுஸை ஆட்டிக்கிட்டே இருந்திருந்தாத்தான் உண்டு."

அவளுக்குச் சுருக்கென்றது. மெல்லக் கூடத்துக்குப் போனாள். மாமனார் ஜன்னலோரம் துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தார்.

"மாமா, நீங்களா?"

அவர் மடிப்பை நீவிவிட்டார். "ஒரு நாள் என் கண்ணெதிர்லயே அது நீலமா ஆயிடுச்சு. பயந்துபோய் ஸ்விட்சை அணைச்சுட்டேன். நீ எழுந்து வந்து பார்த்துட்டு, கரெண்ட் போயிருக்கும்னு நினைச்சு உட்கார்ந்து அழுத. அந்த மவுஸை ஆட்டிக்கிட்டே இருந்தா ஒண்ணும் ஆகலைன்னு அப்புறம்தான் கண்டுபிடிச்சேன்."

"நான் பூட்டினப்பவாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே மாமா?"

"சொல்லியிருந்தா, குழந்தையோட கொஞ்ச நேரம் கண்ணை மூடறியே, அதையும் விட்டுட்டு எழுந்து ஓடி வந்திருப்பியேம்மா."